முடியாது என்று எழுதிக் கொடுத்த தளபதி



பதிவு நீளமானது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தவணையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது, பயப்பட வேண்டாம்.

இரண்டாம் உலகப் போர் பாடத்தில் பிரிட்டன் மீது நடந்த விமானத் தாக்குதலுக்கு நம் புத்தகம் ஒதுக்கிய இடம் இரண்டு மூன்று வரி. 1940இல் ஜெர்மானிய விமானப்படை பிரிட்டனைத் தாக்கியது, பிரிட்டன் தாக்குப்பிடித்தது, ஹிட்லர் படையெடுப்பைத் தள்ளிப்போட்டார். வகுப்பில் மணி அடிப்பதற்குள் அவ்வளவுதான் சொல்ல முடியும். யார் ஜெயித்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சர்ச்சில் என்பீர்கள். ஆனால் அந்த நான்கு மாதச் சண்டையை நாள்தோறும் நடத்தியவர் வேறொருவர். அவர் பெயர் ஹியூ டவுடிங். சண்டை முடிந்த அடுத்த மாதமே பதவியிலிருந்து அனுப்பப்பட்டவர். அவருடைய கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

வாத்தியார் மகன்

டவுடிங் 1882 ஏப்ரல் 24 அன்று ஸ்காட்லாந்தில் மோஃபட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழி அங்கேயும் உண்டோ என்னவோ, பையனுக்குக் கிரேக்க மொழி இலக்கணம் ஏறவில்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் ராணுவப் படிப்புப் பக்கம் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1900இல் பீரங்கிப் படையில் அதிகாரியானார். ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங் என்று சுற்றி, பிறகு இந்தியாவில் மலைப் பீரங்கிப் படையில் ஆறு ஆண்டு காலம் இருந்தார். கோவேறு கழுதையின் முதுகில் பீரங்கியைப் பிரித்து ஏற்றிக்கொண்டு மலையேறும் படை அது.

அதிகம் பேசமாட்டார். விருந்து, கேளிக்கையில் நாட்டம் கிடையாது. சரி என்று பட்டதை மேலதிகாரியிடம் நேராகச் சொல்லிவிடுவார். கூட இருந்தவர்கள் அவருக்கு 'ஸ்டஃபி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் உம்மணாமூஞ்சி. அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை.

ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903இல் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பத்தே ஆண்டு கழித்து, 1913இல், முப்பத்தொரு வயதில் டவுடிங் விமானம் ஓட்டக் கற்றார். இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் பயிற்சி. சான்றிதழ் வாங்கினால் கட்டணத்தை அரசாங்கம் திருப்பித் தரும். அதைக் காட்டிப் பயிற்சிப் பள்ளியில் கடன் சொல்லியே படித்தார். சான்றிதழ் வாங்கும்போது அவர் விமானத்தில் இருந்த மொத்த நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. இன்று நம் ஊரில் இருசக்கர வாகன உரிமத்துக்குக்கூட அதைவிட அதிகமாக ஓட்டிப் பழகுகிறார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பறப்பது உயிருக்கு ஆபத்து என்று தடுத்தார். மகனும் பீரங்கிப் படைக்கே திரும்பினார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் விமானப் பிரிவுக்கு அழைப்பு வந்துவிட்டது.

முதல் 'முடியாது'

அந்தக் காலத்து விமானம் என்பது மரச்சட்டமும் துணியும் கம்பியும்தான். பாராசூட் கொடுக்க மாட்டார்கள். டவுடிங் பிரான்சில் பறந்தார். நடுவில் இங்கிலாந்தில் விமானத்துக்கும் தரைக்கும் இடையே கம்பியில்லாத் தொடர்பை ஏற்படுத்தும் சோதனைகளில் வேலை செய்தார். இந்தச் சின்னச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பறப்பவனோடு கீழே இருப்பவன் பேச முடிந்தால் என்னென்ன செய்யலாம் என்ற கேள்வி 1915லேயே அவர் கைக்கு வந்துவிட்டது.

1916 கோடையில் சோம் ஆற்றங்கரையில் பெரும்போர். டவுடிங் அங்கே பல ஸ்குவாட்ரன்களைக் கொண்ட ஒரு விங்கின் தலைவர். ஸ்குவாட்ரன் என்றால் பன்னிரண்டு முதல் இருபது விமானம்வரை கொண்ட ஒரு அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கீழிருந்த 60ஆம் ஸ்குவாட்ரன் கடும் இழப்புக்கு ஆளானது. காலையில் கூடச் சாப்பிட்டவன் மாலையில் இல்லை. அவனுக்குப் பதில் வந்த பையன் மூன்று நாளில் இல்லை. விமானிகள் உடைந்துபோனார்கள்.

விமானப் பிரிவின் தலைவர் டிரென்சார்ட். பின்னாளில் பிரிட்டிஷ் விமானப்படையின் தந்தை என்று பெயர் எடுத்தவர். எந்த இழப்பு வந்தாலும் எதிரியின் வானத்தில் பறந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவரிடம் டவுடிங், இந்த ஸ்குவாட்ரனைப் பின்னால் அழைத்து ஓய்வு கொடுங்கள் என்று கேட்டார். டிரென்சார்ட் ஓய்வு கொடுத்தார். கேட்டவரையும் சீக்கிரமே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். அதன்பிறகு போர் முடியும்வரை டவுடிங்குக்குப் பயிற்சிப் பிரிவு வேலைதான். பதவி உயர்வு வந்தது, போர்முனைப் பொறுப்பு திரும்ப வரவில்லை. 1918இல் தனி விமானப்படை உருவானபோது அவரைச் சேர்த்துக்கொள்வதற்கே டிரென்சார்ட் தயங்கினார். மற்றவர்கள் பரிந்து பேசித்தான் இடம் கிடைத்தது.

அதே 1918இல் கல்யாணம். மறு ஆண்டு ஒரு மகன், டெரெக். 1920இல் மனைவி கிளாரிஸ் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற டவுடிங்குக்கு உறவினரும், பிறகு அவர் தங்கை ஹில்டாவும் துணை நின்றார்கள். ஏற்கெனவே குறைவாகப் பேசுகிற மனிதர் இன்னும் ஒடுங்கிப்போனார்.

1920களில் ஈராக்கிலும் பணியாற்றினார். அங்கே பிரிட்டிஷ் விமானப்படை கிளர்ச்சி செய்த கிராமங்கள்மீது குண்டு போட்ட காலம் அது. அவர் அந்தப் படையின் மூத்த அதிகாரிகளில் ஒருவர். நல்லவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

சண்டைக்கு முந்திய பத்து ஆண்டுகள்

டவுடிங்கின் உண்மையான வெற்றி 1940இல் நடக்கவில்லை, 1930களில் நடந்தது என்பது என் கருத்து.

1930 செப்டம்பரில் விமானப்படையின் தளவாடங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் பொறுப்பேற்றார். வந்த ஒரு மாதத்திலேயே ஒரு பேரிடி. ஆர்-101 என்ற ராட்சத ஆகாயக் கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பி, அக்டோபர் 5 அதிகாலையில் பிரான்சில் விழுந்து எரிந்தது. 48 பேர் பலி. சோதனை ஓட்டம் போதவில்லை, இன்னும் சோதிக்க வேண்டும் என்று தான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும் என்று டவுடிங் பின்னால் வருந்தினார். அதற்குப் பிறகு எந்தக் கருவியையும் கண்ணால் பார்த்துச் சோதிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஒரு நம்பிக்கை இருந்தது. குண்டுவீச்சு விமானத்தைத் தடுக்கவே முடியாது, நாமும் அவன் ஊரில் குண்டு போடுவது ஒன்றுதான் வழி என்பார்கள். பிரிட்டனில் பிரதமர் பொறுப்பு வகித்த பால்டுவினே 1932இல் நாடாளுமன்றத்தில் அப்படித்தான் பேசினார். ஆகவே பணமெல்லாம் குண்டுவீச்சு விமானங்களுக்கே போனது. தடுக்க முடியும் என்று நம்பிய சிலரில் டவுடிங் ஒருவர்.

1935 தொடக்கத்தில் ராபர்ட் வாட்சன்-வாட் என்ற விஞ்ஞானி, ரேடியோ அலை விமானத்தின்மீது பட்டுத் திரும்புவதை வைத்து அது வருவதைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பணம் கேட்டார்கள். டவுடிங் உடனே தரவில்லை. கணக்கு சரியாக இருக்கலாம், கண்ணுக்குக் காட்டுங்கள் என்றார். பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி பக்கத்தில் ஒரு வயல்வெளியில் சோதனை நடந்தது. பி.பி.சி.யின் ரேடியோ அலை, மேலே பறந்த ஒரு விமானம், கீழே ஒரு வண்டியில் கருவி. எட்டு மைல் தூரம்வரை விமானம் தெரிந்தது. அதன்பிறகு டவுடிங் பணத்துக்குக் கணக்குப் பார்க்கவில்லை. ரேடார் பிறந்த கதை இதுதான்.

ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு போர் விமானங்களும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் உருவானவையே. ஹரிக்கேன் 1935 நவம்பரிலும் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச்சிலும் முதலில் பறந்தன. விமானியின் முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டபோது அமைச்சகத்தில் சிரித்தார்களாம். சிகாகோவில் ரவுடிகளின் காருக்கே அந்தக் கண்ணாடி இருக்கிறதே, என் விமானிகளுக்கு ஏன் கூடாது என்று திருப்பிக் கேட்டார். கண்ணாடி வந்தது.

1936 ஜூலையில் போர் விமானங்களுக்கென்று 'ஃபைட்டர் கமாண்ட்' என்ற தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டவுடிங். லண்டனுக்கு வடமேற்கே பென்ட்லி பிரையரி என்ற பழைய மாளிகை தலைமையகம். விமானப்படைத் தலைவர் பதவியே தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். 1937இல் அது அவரைவிட இளையவரான சிரில் நெவாலுக்குப் போனது.

மேசையும் கடிகாரமும்

அங்கே அவர் கட்டிய அமைப்பைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ரேடார் ஜெர்மானியரிடமும் இருந்தது. டவுடிங்கிடம் இருந்த அமைப்பு அவர்களிடம் இல்லை.

தென் கடற்கரையிலும் கிழக்குக் கடற்கரையிலும் உயர்ந்த கோபுரங்களோடு ரேடார் நிலையங்கள். அவை கடலைப் பார்த்தே நிற்கும், நிலத்துக்குள் வந்துவிட்ட விமானம் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே உள்நாட்டில் ஆயிரம் காவல் மேடைகள். அவற்றில் தொலைநோக்கியோடு தன்னார்வத் தொண்டர்கள். கடைக்காரர், விவசாயி, அஞ்சல்காரர் என்று எல்லா வகை மனிதர்களும்.

இரண்டு ரேடார் நிலையங்கள் ஒரே கூட்டத்தைப் பார்த்து இரண்டு கணக்குச் சொல்லும். எல்லாத் தகவலும் தொலைபேசியில் முதலில் பென்ட்லி பிரையரிக்கு வந்து, அங்கே ஒரு அறையில் சலித்துச் சரிபார்க்கப்படும். சரியானது மட்டும் கீழ்நிலைக் கட்டுப்பாட்டு அறைகளுக்குப் போகும். ஒவ்வொரு அறையிலும் பெரிய மேசை, அதன்மேல் வரைபடம். சுற்றி நிற்கும் இளம்பெண்கள் நீண்ட கோலால் வில்லைகளை நகர்த்துவார்கள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகம் ஐந்தைந்து நிமிடமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். தகவல் வந்தபோது பெரிய முள் எந்த நிறத்தில் இருந்ததோ அந்த நிறத்தில் வில்லை வைப்பார்கள். மேசையைப் பார்த்தவுடன் எது புதிய செய்தி, எது பழசு என்று தெரிந்துவிடும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

அங்கிருந்து ரேடியோவில் விமானிக்கு உத்தரவு: இந்தத் திசை, இந்த உயரம், இத்தனை எதிரிகள். 1915இல் கையில் எடுத்த கேள்விக்கு இருபது ஆண்டு கழித்து விடை. விமானங்களைச் சும்மா வானத்தில் சுற்றவிட்டுப் பெட்ரோலையும் விமானியின் உடம்பையும் வீணடிக்க வேண்டியதில்லை. எதிரி வரும்போது, வரும் இடத்துக்கு, தேவையான அளவு அனுப்பலாம்.

தொலைபேசிக் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைப்பது, விமானதளங்களுக்கு மழையிலும் சேறாகாத ஓடுபாதை போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் டவுடிங் அமைச்சகத்தோடு கடிதப் போர் நடத்தினார். அங்கே அவர் தொந்தரவு பிடித்த கிழவர். ஓய்வுபெறும் தேதி சொல்வார்கள், பிறகு தள்ளிவைப்பார்கள், மறுபடி சொல்வார்கள். 1940 ஜூலையில் எதிரி வாசலில் நின்றபோதும் அவர் கையில் ஓய்வுத் தேதி போட்ட கடிதம்தான் இருந்தது.

1940 மே 16

1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவின்மீது பாய்ந்தது. அதே நாள்தான் சர்ச்சில் பிரதமரானார். ஐந்தே நாளில் பிரான்ஸ் ஆட்டம்கண்டது. இன்னும் பத்து ஸ்குவாட்ரன் போர் விமானம் அனுப்புங்கள் என்று பிரெஞ்சுப் பிரதமர் ரேனோ கெஞ்சினார். கேட்பது நட்பு நாடு. தோளோடு தோள் நின்று சண்டையிடும் நாடு. சர்ச்சிலுக்குப் பிரான்சின்மேல் தனிப் பாசம். மனிதத்தன்மை உள்ள எவருக்கும் கொடுக்கத்தான் தோன்றும்.

டவுடிங் கணக்கைப் பார்த்தார். பிரான்சுக்குப் போன ஹரிக்கேன்கள் அன்றாடம் கரைந்துகொண்டிருந்தன. போன எதுவும் திரும்பப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மே 15 அன்று போர் அமைச்சரவையின் முன் நேரில் போய்ச் சொன்னார். பேசியது காற்றோடு போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் மே 16 அன்று விமான அமைச்சகத்துக்குப் பத்துப் பத்தியில் ஒரு கடிதம் எழுதினார்.

அதன் சாரம் இது. பிரிட்டனைக் காக்க 52 ஸ்குவாட்ரன் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். இப்போது என்னிடம் இருப்பது 36க்குச் சமமான பலம். நாட்டைக் காக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று முடிவுசெய்து எனக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுத்தபிறகு, எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும் அதற்குக் கீழே ஒரு விமானமும் வெளியே போகாது என்று உறுதி சொல்லுங்கள். போதிய படையை இங்கே வைத்துக்கொண்டால் பிரான்ஸ் வீழ்ந்தாலும் நாம் தனியாகச் சிறிது காலமாவது போரைத் தொடரலாம். இங்கிருப்பதையும் அங்கே வடித்துவிட்டால், பிரான்சின் தோல்வி இந்த நாட்டின் முழுமையான, மீளமுடியாத தோல்வியாக முடியும்.

பிள்ளைகளே, இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை, வீர வசனம் இல்லை. எண்களும் ஒரு கேள்வியும்தான் இருக்கின்றன. பதில் எழுதியாக வேண்டிய கேள்வி. 'அன்றைக்கே சொன்னேனே' என்று பின்னால் சொல்லிக்காட்டுவதற்காக எழுதியதாகத் தெரியவில்லை. முடிவெடுப்பவர்கள் தாங்கள் என்ன முடிவெடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காக எழுதியது.

கடிதம் உடனே பலிக்கவில்லை. அடுத்த ஓரிரு நாளிலும் சில ஸ்குவாட்ரன்கள் அனுப்பப்பட்டன. மே 19 அன்றுதான் சர்ச்சில், இனி எது நடந்தாலும் போர் விமானம் நாட்டை விட்டுப் போகாது என்று உத்தரவிட்டார். மாதக் கடைசியில் டன்கர்க்கில் படைகளை மீட்டார்கள். ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது.

நான்கு மாதம்

அதிகாரபூர்வக் கணக்கில் ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை சண்டை. பாட்டை எல்லோரும் பாடிவிட்டார்கள், நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

லண்டனையும் தென்கிழக்கையும் காத்த 11ஆம் குரூப்பின் தலைவர் நியூசிலாந்துக்காரரான கீத் பார்க். டவுடிங்கின் வலது கை. இருவருடைய உத்தியும் ஒன்றே. இருப்பதை எல்லாம் ஒரே நாளில் வானத்தில் கொட்டக் கூடாது. ஒன்றிரண்டு ஸ்குவாட்ரனாக அனுப்பி எதிரியின் அணியைக் குலைக்க வேண்டும். நாளைக்கும் மறுநாளைக்கும் விமானம் மிச்சம் இருக்க வேண்டும். ஜெர்மானியருக்குத் தேவை விரைவான வெற்றி. குளிர்காலம் வரும்வரை தோற்காமல் இருந்தாலே டவுடிங்குக்கு வெற்றி.

களைத்த ஸ்குவாட்ரன்களை வடக்கே அமைதியான தளங்களுக்கு அனுப்பி, அங்கிருந்தவர்களைத் தெற்கே கொண்டுவந்தார். 1916இல் எதைக் கேட்டதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டாரோ, அதையே இப்போது தன் படையின் விதியாக்கினார்.

ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரமும் செப்டம்பர் முதல் வாரமும் மிக மோசம். விமானதளங்களே தாக்கப்பட்டன. தொழிற்சாலைகள் விமானத்தைத் தந்துகொண்டே இருந்தன, விமானிகளைத்தான் தயாரிக்க முடியவில்லை. ஸ்பிட்ஃபயரில் பத்து இருபது மணி நேரமே பறந்த பத்தொன்பது வயதுப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். பிகின் ஹில் போன்ற தளங்களில் குண்டு விழும்போதும் தொலைபேசியை விட்டு நகராத மூன்று பெண்களுக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. போலந்து நாட்டு விமானிகளை முதலில் டவுடிங் நம்பவில்லை. மொழி தெரியாதவர்கள், நாட்டை இழந்தவர்கள் என்று தயங்கினார். அவர்களுடைய 303ஆம் ஸ்குவாட்ரன் முன்னணியில் நின்றது. அவர்கள் இல்லாவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்ற பொருளில் அவரே பிற்பாடு எழுதினார்.

அந்த விமானிகளில் டெரெக் டவுடிங்கும் ஒருவன். 74ஆம் ஸ்குவாட்ரன். தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகன். மேசையின் மேல் நகரும் வில்லைகளில் ஒன்று தன் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று தெரிந்தே அந்தத் தகப்பன் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். டெரெக் உயிர் பிழைத்தான்.

செப்டம்பர் 7 முதல் ஜெர்மானியர் தளங்களை விட்டுவிட்டு லண்டன்மீது திரும்பினார்கள். நகரம் எரிந்தது, தளங்கள் மூச்சுவிட்டன. செப்டம்பர் 15 அன்று சர்ச்சில் பார்க்கின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். எல்லா விளக்கும் 'விமானங்கள் மேலே' என்று காட்டின. கையிருப்பு எவ்வளவு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் பார்க். அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தார்கள். பின்னால் எண்ணிப் பார்த்தபோது அறுபது சுமார். ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையின்றித் தள்ளிவைத்தார்.

சுமார் 2,900 பேர் பறந்தார்கள். அந்த நான்கு மாதத்தில் இறந்தவர்கள் 544.

கிடைத்த பரிசு

வடக்கே இருந்த 12ஆம் குரூப்பின் தலைவர் லீ-மாலரிக்குப் பார்க்கின் முறை பிடிக்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து ஸ்குவாட்ரன்களைச் சேர்த்து ஒரே பெரும்படையாகத் தாக்க வேண்டும் என்றார். கேட்க நன்றாக இருக்கும். அத்தனை விமானம் வானத்தில் ஒன்றுசேர்வதற்குள் எதிரி குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பான் என்பதுதான் சிக்கல்.

அக்டோபர் 17 அன்று அமைச்சகத்தில் கூட்டம். அங்கே டவுடிங்கும் பார்க்கும் கிட்டத்தட்டக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே இரவுக் குண்டுவீச்சு வேறு. நவம்பர் 14 அன்று கவென்ட்ரி நகரம் எரிந்தது. ஒற்றை ஆள் விமானங்களை இரவில் கிளப்புங்கள் என்று நெருக்கினார்கள். இருட்டில் கண் தெரியாமல் பறந்து பயனில்லை, விமானத்துக்குள்ளேயே ரேடார் வேண்டும், அது வரும்வரை பொறுங்கள் என்றார். பொறுக்க யாருக்கும் மனமில்லை. ரேடார் பொருத்திய பியூஃபைட்டர் விமானம் தன் முதல் எதிரியை வீழ்த்தியது நவம்பர் 19 இரவு. அதற்கு ஒரு வாரத்துக்குள் டவுடிங் பதவியில் இல்லை. அடுத்த மாதம் பார்க்கும் மாற்றப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் லீ-மாலரி.

டவுடிங் மேலும் தவறு இருந்தது. கீழே இரண்டு தளபதிகள் முட்டிக்கொண்டபோது கூப்பிட்டு அதட்டி முடித்துவைத்திருக்க வேண்டியது அவர் வேலை. அதைச் செய்யவில்லை. வயது 58, பெருங்களைப்பு. அமைச்சகத்தில் பேசிப்பழகி ஆள் சேர்க்கும் கலை அவருக்குத் தெரியாது. மாற்றியதைத் தவறு என்று சொல்லமுடியாது என்போரும் உண்டு. மாற்றிய விதம்தான் உறுத்துகிறது. 1941இல் அமைச்சகம் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டது. அதில் டவுடிங் பெயரே இல்லை. அதற்குச் சர்ச்சிலே கோபப்பட்டார்.

நம் பக்கத்துச் செய்தி

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களின் பெயரோடு 'மதராஸ் பிரெசிடென்சி' என்பதும் சேர்ந்திருக்கிறது. நம் மாகாணத்தில் திரட்டிய போர் நன்கொடைக்காகக் கிடைத்த பெயர். நம்மைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கியதால் ராஜாஜி அமைச்சரவை 1939இல் பதவி விலகியிருந்தது. ஆளுநர் ஆட்சியில் வசூலான பணம் அது.

இன்னொன்று, இலங்கையில் நடந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பற்படை நெருங்குகிறது என்று முந்தின நாளே தகவல் வந்திருந்தது. ஆனால் கொழும்பில் ரேடார் எச்சரிக்கை வரவில்லை. எதிரி விமானங்கள் தலைக்குமேல் வந்தபிறகே ரத்மலானாவில் ஹரிக்கேன் விமானிகள் ஓடி ஏறினார்கள். பலர் மேலெழும்பும்போதே சுடப்பட்டார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ரேடார் முன்கூட்டிப் பார்த்துவிட்டது. சேதம் அங்கேயும் கடுமைதான், ஆனால் விமானங்கள் எதிரி வருமுன் வானத்தில் இருந்தன. அந்த வாரம்தான் மதராஸ் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டவுடிங் கட்டிய அமைப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

கடைசிக் காலம்

1942இல் ஓய்வு, 1943இல் பிரபு பட்டம். ஆவி உலகத்தில் நம்பிக்கை கொண்டார். இறந்த விமானிகள் தன்னோடு பேசுவதாக நம்பினார். ஊர் சிரித்தது. அந்த நம்பிக்கையில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அத்தனை பையன்களை மேலே அனுப்பிய ஒரு மனிதர் அவர்களை விட்டுப் பிரிய முடியாமல் தவித்ததைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. விமானப்படையில் கணவரை இழந்த மியூரியல் என்பவரை 1951இல் மணந்தார். சைவ உணவுக்கு மாறினார். பிரபுக்கள் சபையில் அவர் பேசியது பெரும்பாலும் வாயில்லாப் பிராணிகளுக்காக. 1970 பிப்ரவரி 15 அன்று காலமானார். அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. லண்டனில் சிலை 1988இல்தான் வந்தது.

உங்களில் பலர் இன்று அதிகாரிகள், மருத்துவமனையில் பொறுப்பில் இருப்பவர்கள், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்கள். கொடுக்கிறவனுக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். இருப்பதை எண்ணிப் பார்த்து, இதற்குமேல் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்கிறவனுக்குக் கஞ்சன், கல்நெஞ்சன் என்ற பெயர்தான் கிடைக்கும். அவன் சொன்னதால் நடக்காமல்போன விபத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆகவே நன்றியும் வராது. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு உம்மணாமூஞ்சி இருந்தால், அவர் எழுதித் தரும் தாளை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். அந்த இடத்தில் நீங்களே இருந்தால், கோபப்படாமல் எண்களோடு எழுதிக் கொடுங்கள்.

இப்படிப்பட்ட ஒருவரை உங்கள் வேலையிடத்தில் பார்த்திருந்தால், பெயர் போடாமல் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், நேரம் இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்